இந்தியாக் கரண்டி

அக்கா,

இன்று காலை கோழிகளுக்கு வைக்கிற விற்றமின் பைக்கற் ஒன்றைக் கத்தரிக்கோலால் வெட்டினேன். அந்த மணம் உங்களுக்குத் தெரியும். குளிசைப் போத்தலின் மூடியைத் திறந்ததும் வருமே, அதோடு கொஞ்சம் நாள்பட்ட மாவின் வாசமும் சேர்ந்தது. தூள் விழுந்ததும் வாளித் தண்ணீர் பளிச்சென்று மஞ்சளாகியது. கலக்கி முடித்த பிறகு கையைப் பார்த்தேன், நகக்கண்ணெல்லாம் மஞ்சள். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. உடனே போகாது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் தேய்த்துக்கொண்டே நின்றேன்.

அளப்பதற்கு எடுத்தது பைக்கற்றோடு வந்த பிளாஸ்டிக் கரண்டி. உங்களுடைய சின்ன சில்வர் கரண்டி இப்போது என்னிடம் இல்லை. அது போன விதத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு முதல் அது என்னிடம் வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். அதில் உங்களுக்குத் தெரிந்தது பாதிதான். மற்றப் பாதியை வாய்க்குள் வைத்துக்கொண்டே உங்கள் ஆட்டைத்திவசத்துக்கும் வந்து, பந்தியில் இருந்து வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போனவள் நான்.

உங்களை முதன்முதல் கண்டது விடத்தல்தீவுப் பொதுமண்டபத்தில், கோழி வளர்ப்புப் பயிற்சி வகுப்பில். இறைச்சிக்கோழி வளர்த்த அனுபவம் யாருக்காவது உண்டா என்று வகுப்பு எடுக்க வந்தவர் கேட்டபோது கடைசி வரிசையில் நீங்கள் மட்டும் கையை உயர்த்தினீர்கள். எழும்பி நின்று, கறிக்கோழிக்குத் தீவனம் எப்படி வைப்பது என்று நீங்கள் சொல்லத் தொடங்கியதும் நாங்கள் பெண்கள் எல்லாம் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தோம். எங்களுக்கு அது இறைச்சிக்கோழி, வைப்பது தீன். நீங்கள் சிரிப்பைப் பொருட்படுத்தவில்லை. குமர்ப்பிள்ளையாகப் படகேறிப் போய், நாமக்கல் பக்கத்து அகதி முகாமில் இருந்து, அங்கேயே கலியாணமும் கட்டி, ஆயிரக்கணக்கில் கோழி நிற்கிற பண்ணைகளில் கூலிக்குப் போனதைச் சொன்னீர்கள். அங்கே உங்கள் வேலை தண்ணீர்த் தாங்கியில் சத்து மருந்து கலப்பது. அளவு பிழைத்தால் ஒரு கொட்டிலே போய்விடும் என்பதால் அந்த வேலையை எல்லாரிடமும் கொடுக்கமாட்டார்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் உங்கள் குரலில் ஒரு சின்னப் பெருமை இருந்தது.

எனக்கு உங்களை அன்றைக்கே பிடித்தது. அன்றைக்கே கொஞ்சம் எரிச்சலும் வந்தது. இரண்டும் பொய்யில்லை.

பாப்பாமோட்டையில் உங்கள் காணியில் கொட்டில் போட்டோம். உங்கள் நிலம், என் வீட்டுக்காரர் கொண்டுவந்து தந்த தடிகளும் பழைய வலையும், இருவருடைய கைவேலையும். காலையில் முதல் பஸ்ஸில் நான் வந்துவிடுவேன். தீன் வைப்பது என் பொறுப்பு, தண்ணீர் உங்கள் பொறுப்பு. உமியை இருவரும் சேர்ந்து கிளறிவிடுவோம். வேலைக்குள் நீங்கள் கதைக்கிற கதைகளுக்குக் குறைவே இல்லை. ஒருநாள் உமியை வாரிக்கொண்டே சொன்னீர்கள்: "அங்க இருக்கேக்க என்னைச் சிலோன்காரி எண்டாங்க. இஞ்ச வந்தால் இந்தியாக்காரி எண்டுறினம். ரெண்டு கரையிலயும் என்னை இறக்கிவிட ஆள் இல்லை." சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். நானும் சிரித்தேன். அந்தப் பேச்சில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

அந்தக் கரண்டியைப் பற்றி யாராவது கேட்டால் உங்களுக்கு மனம் குளிர்ந்துவிடும். பிடியைப் பாதியில் வெட்டி, விற்றமின் தூள் வைக்கிற டப்பாவுக்குள் அடங்குகிற மாதிரி செய்து வைத்திருந்தீர்கள். நாமக்கல்லில் ஒரு நகைக்கடைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்ததாம். தூளை அள்ளி மோதிர விரலின் முதுகால் ஒரு தரம் வழித்துவிட்டால் சரியாக ஐந்து கிராம். ஒரு தரம்தான் வழிப்பீர்கள், இரண்டாம் தரம் விரல் போகாது. விற்றமின் கொடுக்கிற நாளில் தண்ணீர்ப் பாத்திரங்களை ஒரு மணித்தியாலத்துக்கு முதலே எடுத்துவிடுவோம். தாகம் வந்தால்தான் வைத்ததை மிச்சம் விடாமல் குடிக்கும். இரண்டு மணித்தியாலத்தில் குடித்து முடிக்கிற அளவுக்கு மேல் கலக்கவே மாட்டீர்கள். வெயில் பட்டால் சத்துச் செத்துப்போகும் என்று வாளியைச் சாக்கால் மூடிக்கொண்டு போவீர்கள்.

இந்தத் தூள் எதற்கு என்று நான் ஒருநாள் கேட்டேன். ஊர்க்கோழி இதெல்லாம் குடித்தா வளர்ந்தது என்று கொஞ்சம் குத்தலாகத்தான் கேட்டேன். நீங்கள் ஒரு குஞ்சைத் தூக்கி, அதன் நெஞ்சையும் காலையும் எனக்குத் தொட்டுக் காட்டினீர்கள். "இதுக்கு இறைச்சி ஓடுது, எலும்பு நடந்து வருது. எலும்புக்குக் கை குடுக்கத்தான் இது" என்றீர்கள். இன்றைக்கு என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்களுக்கு நானும் இதே வசனத்தைத்தான் சொல்கிறேன். அது உங்கள் வசனம் என்று ஒருவருக்கும் சொன்னதில்லை.

முதல் இரண்டு தொகுதிக் கோழிகளும் நல்லாய் வந்தன. மூன்றாவது தொகுதி டிசம்பரில், நத்தார்ப் பண்டிகைக்கு. முந்நூறு குஞ்சு. அந்த முறை மழை விடாமல் பெய்தது, உமி ஈரம் காயவில்லை. குஞ்சு இறக்கி மூன்றாம் கிழமை பத்துப் பன்னிரண்டு குஞ்சுகள் நொண்டத் தொடங்கின. நான் பயந்துபோனேன். சிப்பி இடித்துப் போடுவோமா என்று கேட்டேன். எங்கள் கரையில் முட்டையிடுகிற ஊர்க்கோழிக்கு மட்டிச் சிப்பியை இடித்துப் போடுவது வழக்கம். அதில்லாவிட்டால் முட்டைக்கோது தோலாகப் போய்விடும். நான் சிறுவயது முதல் செய்து வந்த வேலை அது.

நீங்கள் சிரித்தீர்கள். "அது முட்டைக்கோழிக்கு. இதுகள் குஞ்சுகள், தாங்காது. நாமக்கல்லில சொன்னா சிரிப்பாங்க." அன்றைக்குப் பார்த்துக் குஞ்சு பார்க்க வந்திருந்த மூன்று பெண்கள் பக்கத்தில் நின்றார்கள். அவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பஸ்ஸில் ஏறி இருந்த பிறகு அந்தச் சிரிப்பு எனக்குள் வேறு மாதிரிப் புரளத் தொடங்கிவிட்டது. கடற்கரையில் பிறந்து வளர்ந்தவளுக்குச் சிப்பியைப் பற்றி இந்தியாவிலிருந்து வந்தவர் பாடம் எடுப்பதா? இவ்வளவுதான் அக்கா காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்திருக்கும் என்று பல நாள் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அடுத்த நாளே சிப்பியை உரலில் இடித்து, பழைய சேலைத்துணியில் அரித்து, மாப்போல ஆக்கி, பால்மாத் தகரப் பேணி ஒன்றில் கொண்டுவந்தேன். தீன் வைப்பது நான்தானே. தீனோடு ஒரு பிடி, இரண்டு பிடி. பேணியைத் தீன் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். நாலைந்து நாளில் நொண்டின குஞ்சுகள் நேராக நடந்தன. அது உங்கள் மஞ்சள் தண்ணீரின் வேலை. என்னுடையது என்று நான் நினைத்தேன். நினைத்ததும் கூட்டினேன். நத்தாருக்குக் கோழி எல்லாம் நல்லபடி போன பிறகு பேணியை எடுத்து உங்கள் முன்னால் வைத்து, இதுதான் உங்கள் கோழியை நடக்க வைத்தது என்று சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அப்போது உங்கள் முகம் எப்படி இருக்கும் என்று தினமும் பஸ்ஸில் நினைத்துப் பார்த்துக்கொண்டு வருவேன்.

இடையில் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. படுங்கள் என்று சொன்னேன், கேட்கவில்லை. ஒருநாள் நான் வந்தபோது நீங்கள் தண்ணீரை அடுப்படிக் குசினிக்குள்ளேயே கலந்து வைத்துவிட்டு, போர்வையோடு சுவரில் சாய்ந்து இருந்தீர்கள். டப்பாவைத் திறந்து பார்த்தேன். சின்னக் கரண்டி ஈரத்தோடு, குழியில் மஞ்சள் ஒட்டியபடி கிடந்தது. அதை நான் என் கண்ணால் கண்டேன் அக்கா. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் கிழமை கோழிகள் குந்தின குந்தில் எழும்பாமல் இருந்தன. எச்சம் வெள்ளையாகத் தண்ணீர் போல் போயிற்று. முதல் நாள் பத்து, அடுத்த நாள் நாற்பது. மூன்றாம் நாள் எண்ணுவதை விட்டுவிட்டோம். மிருக வைத்தியர் கந்தோரிலிருந்து ஓர் அலுவலர் மழைக்கோட்டோடு வந்தார். செத்த கோழி ஒன்றைத் தீன் சாக்கில் போட்டு அறுத்தார். சிறுநீரகம் வீங்கியிருந்தது. ஈரலின் மேலும் இருதயத்தின் மேலும் வெண்கட்டித் தூள் பூசின மாதிரி வெள்ளை படிந்திருந்தது. அவர் கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "சுண்ணாம்புச்சத்து மிஞ்சிப் போச்சு. விற்றமின் டி கூடினாலும் இப்பிடி வரும். என்ன குடுத்தனீங்கள்?"

அந்தக் கணத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பேணி என் முதுகுக்குப் பின்னால் ஒரு முழத் தூரத்தில் இருந்தது. வாயைத் திறந்தால் நாலு சொல்லில் முடிகிற விஷயம்.

நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "விற்றமின் தூள் மட்டும்தான், சேர்" என்றீர்கள். "இருபது லீற்றருக்கு ஒரு கரண்டி." மற்ற நாட்களில் அதை ஸ்பூன் என்றுதான் சொல்வீர்கள். அன்றைக்குக் கந்தோர் ஆள் முன்னால், கூடி நின்ற ஊர்ப் பெண்கள் முன்னால், எங்கள் வாய்க்கு ஏற்ற சொல்லாகப் பார்த்துக் கரண்டி என்றீர்கள். எங்களில் ஒருத்தியாகக் கதைக்க வேண்டும் என்று நீங்கள் எடுத்த அந்தச் சொல்லைத்தான் நான் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, இந்தியாவில கரண்டி எண்டால் சோறு கறி அள்ளுறதெல்லே?" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை, பார்த்தீர்களா? நாங்கள் அகப்பை என்பதை அங்கே கரண்டி என்பார்கள் என்று நீங்களே எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். நான் ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டேன், அவ்வளவுதான். இப்படித்தான் பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அலுவலர் உங்களைத் திரும்பிப் பார்த்தார். அகப்பையால் அள்ளியா போட்டீர்கள் என்று கேட்டார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நீங்கள், "இல்லை, சின்னதால்தான்" என்று தொடங்கி, பாதியில் நின்றுவிட்டீர்கள். உங்கள் கண் எங்கேயோ போயிற்று. காய்ச்சல் நாட்களைத் துழாவுகிறீர்கள் என்று எனக்கு விளங்கியது. ஈரக் கரண்டியைக் கண்ட நான் பக்கத்திலேயே நின்றேன்.

அந்த அலுவலர் நல்ல மனிதர். யாருக்கும் வருகிற பிழைதான், அடுத்த முறை பைக்கற்றோடு வருகிற அளவையே பாவியுங்கள் என்று ஆறுதலாகச் சொல்லிவிட்டுப் போனார். நான் பேணியைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு போய், பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்து வெள்ள வாய்க்காலில் கவிழ்த்தேன். தண்ணீர் கொஞ்ச நேரம் வெள்ளையாக ஓடியது.

இரண்டு நாள் கழித்து மழையில் நனைந்தபடி நீங்கள் விடத்தல்தீவுக்கு என் வீட்டுக்கு வந்தீர்கள். உள்ளே வாருங்கள் என்றேன், வரவில்லை. வாசற்படியில் நின்று, பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒன்றை நீட்டினீர்கள்.

"நானாத்தான் இருக்கும். காய்ச்சலோட எழும்பிப் போய்க் குசினிக்குள்ள கலந்தனான், எதால அள்ளிப் போட்டன் எண்டு எவ்வளவு யோசிச்சும் ஞாபகம் வருதில்லை. உம்மட உழைப்பையும் நாசமாக்கிப்போட்டன். என்னை மன்னிச்சுக்கொள்ளும்."

நான் என்ன சொன்னேன் என்று உங்களுக்கு நினைவிருக்கும். "பரவாயில்லை அக்கா. எல்லாருக்கும் வாற பிழைதானே. நான் மனசில வைச்சிருக்கமாட்டன்." இப்படிச் சொல்லி உங்கள் கையைப் பிடித்தேன். தேத்தண்ணியும் போட்டுத் தந்தேன். நீங்கள் அழுதுகொண்டு குடித்தீர்கள். என்னைப் போல ஒரு ஆள் உங்களுக்குக் கிடைத்தது பெரிய கொடுப்பினை என்றீர்கள். அதையும் கேட்டுக்கொண்டு நின்றேன். எனக்கு அப்போது வந்தது வெட்கம் என்று எழுத ஆசை. வந்தது நிம்மதி. வெட்கம் பிறகுதான் வந்தது, வந்தது இன்றுவரை போகவில்லை.

தாளைப் பிரித்தால் அந்தச் சின்னக் கரண்டி. "என்ர கையில இனி அளவு நிக்காது. நீரே வைச்சிரும்" என்றீர்கள்.

ஊருக்கு ஒரு சொல் கிடைத்தால் போதாதா? யாராவது கறிக்கு உப்பைக் கூடப் போட்டுவிட்டால், என்ன இந்தியாக் கரண்டியால் போட்டீர்களோ என்று கேட்கத் தொடங்கினார்கள். தேத்தண்ணிக்குச் சீனி கூடினால் இந்தியாக் கரண்டி. சீமெந்துக் கலவை பிழைத்தால் இந்தியாக் கரண்டி. பாப்பாமோட்டையிலிருந்து விடத்தல்தீவு வரைக்கும் அந்தப் பகிடி ஓடியது. உங்களை இந்தியாக்காரி என்றவர்கள் பிறகு இந்தியாக் கரண்டி என்பதையே உங்களுக்கும் பெயராக வைத்துவிட்டார்கள். முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள், ஆனால் உங்களுக்குத் தெரியும். ஒருநாள் பஸ்ஸில் யாரோ சொல்ல நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தப் பெயர் பிறந்தது என் வாயிலிருந்துதான் என்று அங்கே யாருக்கும் ஞாபகமில்லை. எனக்கு இருந்தது.

நீங்கள் பிறகு கொட்டில் பக்கமே போகவில்லை. அதுகூடப் பரவாயில்லை. உங்கள் கை போயிற்று அக்கா. ஆயிரம் கோழிக்குத் தனியே அளந்த கை. சோற்றுக்கு அரிசி அளக்க மகளைக் கூப்பிட்டீர்கள். கறிக்கு உப்பைப் போட்டுவிட்டு, பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டு ருசி பார்க்கச் சொன்னீர்கள். விளக்குக்கு எண்ணெய் விடுவதற்கும் உங்கள் வீட்டுக்காரர் வர வேண்டும். என் கை பிழையான கை என்று எதற்கெடுத்தாலும் சொல்லத் தொடங்கினீர்கள். உங்கள் வீட்டில் அதை எல்லாரும் நம்பியும் விட்டார்கள்.

நான் மாதம் தவறாமல் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறவள். ஒருமுறை முழந்தாளில் நின்று, ஒரு சின்னப் பொய் சொன்னேன் சுவாமி என்றேன். யாரிடம், எதற்கு என்று அவர் கேட்டால் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அவர் கேட்கவில்லை. மூன்று அருள்நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். சொல்லி முடிக்க ஐந்து நிமிடமும் ஆகவில்லை. கோவிலை விட்டு வெளியே வந்தபோது போனதைவிடப் பாரமாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு நான் செய்ததையும் சொல்கிறேன். என் வீட்டுக் காணியிலேயே தனியாக ஒரு கொட்டில் போட்டேன். உங்கள் கரண்டியால் அளந்தேன், உங்கள் விரல் போல வழித்தேன், உங்களைப் போலத் தாகம் வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். சிப்பியைக் கொட்டில் பக்கமே கொண்டுபோகவில்லை. கோழிகள் நன்றாக வந்தன. எனக்குக் கைராசிக்காரி என்று பெயர் வந்தது. யாருக்காவது குஞ்சு வந்தால் முதல் நாள் விற்றமின் தண்ணீரை நான் வந்து கலந்து கொடுக்க வேண்டும் என்று ஆள் அனுப்புவார்கள். நானும் போவேன், கரண்டியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு.

உங்களுக்குச் சீனி வருத்தமும் பிறசரும் சேர்ந்து வந்து, கிளினிக்கில் ஒரு பை நிறையக் குளிசை தந்தபோது நீங்கள் கூப்பிட்டதும் என்னைத்தான். காலைக்கு எது, மத்தியானத்துக்கு எது, அரைக் குளிசை எது என்று பிரித்து வைக்க வீட்டில் எத்தனை பேர் இருந்தார்கள். நீங்கள் விடவில்லை. "நீர் எண்ணினால்தான் எனக்கு நம்பிக்கை. உம்மட கை சரியான கை" என்றீர்கள்.

ஒவ்வொரு கிழமையும் வந்தேன். உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து எண்ணினேன். ஒவ்வொரு கிழமையும் பஸ்ஸில் வரும்போது இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று நினைத்துக்கொண்டுதான் வந்தேன். ஒரே ஒரு நாள் தொடங்கினேன். அக்கா, அந்தக் கோழி விஷயம் என்றேன். நீங்கள் என் கையைத் தட்டிக்கொடுத்தீர்கள். "அதை விடும். நீர் மன்னிச்சதே பெரிய விசயம்."

எண்ணிய குளிசைகளைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து எண்ணினேன். அதுதான் என்னால் முடிந்தது. அடுத்த மாதம் நீங்கள் போய்விட்டீர்கள்.

உங்கள் மகள் நறுவிலிக்குளத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள் அல்லவா. போன கிழமை அவள் கூப்பிட்டாள். நூறு குஞ்சு வாங்கியிருக்கிறாள், வந்து ஒருக்கால் பாருங்கள் என்றாள். இரண்டு பஸ் மாறிப் போனேன். நல்ல கொட்டில், உமி காய்ந்து கிடந்தது, காற்றும் வந்தது. தண்ணீர்ப் பாத்திரங்களை ஒரு மணித்தியாலத்துக்கு முதலே எடுத்து வைத்திருந்தாள். எல்லாம் சரியாகத்தான் செய்திருந்தாள். வாளியையும் பைக்கற்றையும் என் முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நீயே போடு, நான் பார்க்கிறேன் என்றேன்.

"நீங்களே போடுங்கோ அன்ரி. எனக்கு அம்மாட கை. நான் அளந்தால் செத்துப்போம்."

அவள் அழுதுகொண்டு சொல்லவில்லை. தலைமயிர் அம்மாவைப் போல் சுருள் என்று சொல்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னாள். அப்போதுதான் அக்கா எனக்கு விளங்கியது. நீங்கள் போனதோடு முடிந்துவிட்டது என்று நான் நினைத்திருந்தேன். உங்களோடு சேர்த்துப் புதைத்தாயிற்று என்று நினைத்திருந்தது, இந்தப் பிள்ளையின் கையில் வந்து நிற்கிறது.

சொன்னேன். ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. வாளிக்கும் அவளுக்கும் நடுவில் நின்றுகொண்டு, சிப்பி, பேணி, வாய்க்கால் என்று முன்னும் பின்னுமாக உளறினேன். கடைசியில் இதை மட்டும் தெளிவாகச் சொன்னேன்: "அம்மா பிழை விடேல்லப் பிள்ளை. கோழியைக் கொண்டது நான். அம்மான்ர அளவு சரி. எனக்கு அப்பவே தெரியும்."

அவள் கேட்டாள். "அம்மாவுக்குத் தெரியுமோ?"

இல்லை என்றேன்.

"வந்து வந்து குளிசை எண்ணினீங்களே. அப்பயும் சொல்லேல்லயோ?"

அதற்கும் இல்லை என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லி அழுதிருப்பேன், அவளும் ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பாள். அதற்கு அவள் இடம் வைக்கவில்லை. ஏச்சுக்கு நான் தயாராக இருந்தேன். ஏசவும் இல்லை.

குஞ்சுகள் தாகத்தில் கத்திக்கொண்டிருந்தன. அவள் கையை நீட்டி, கரண்டியைத் தாங்கோ என்றாள். கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பைக்கற்றில் விட்டு அள்ளினாள். மோதிர விரலின் முதுகால் ஒரு தரம் வழித்தாள். இரண்டாம் தரம் விரல் போகவில்லை. அதை அவளுக்கு யாரும் காட்டிக் கொடுக்கவில்லை அக்கா, பள்ளிக்கூடச் சட்டையோடு கொட்டில் வாசலில் நின்று பார்த்தது. தூள் வாளியில் விழுந்து தண்ணீர் மஞ்சளாகியது. கலக்கினாள், சாக்கால் மூடினாள், தூக்கிக்கொண்டு போய்ப் பாத்திரங்களில் ஊற்றினாள். குஞ்சுகள் முட்டி மோதிக்கொண்டு வந்து குடித்தன.

திரும்பி வந்து கரண்டியைக் கழுவினாள். துடைத்தாள். நான் கையை நீட்டினேன், பழக்கதோஷம். அவள் அதைத் தன் டப்பாவுக்குள் போட்டு மூடினாள்.

"இது அம்மாட. இஞ்ச இருக்கட்டும்." பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள். "நாளைக்கு நீங்கள் வரத் தேவையில்லை அன்ரி. எனக்கு அளக்கத் தெரியும்."

தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கோ என்று சொல்லவில்லை. உங்கள் குடும்பத்து வாசலிலிருந்து தேத்தண்ணி குடிக்காமல் நான் திரும்பியது அதுதான் முதல் தடவை. அது நியாயம்தான். பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் நெடுநேரம் பஸ் வரவில்லை. கைப்பை பாரமில்லாமல் இருந்தது, அது எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு அதே பொதுமண்டபத்தில் கோழி வளர்க்கிற பெண்களுக்கு ஒரு வகுப்பு. விற்றமினும் கனியுப்பும் எப்படிக் கொடுப்பது என்று என்னைத்தான் பேசச் சொல்லியிருக்கிறார்கள், கைராசிக்காரியை. நான் சிப்பியிலிருந்து தொடங்கப் போகிறேன். யார் இடித்தது, யார் போட்டது, யார் தலையில் அது விழுந்தது என்பதைச் சொல்லிவிட்டுத்தான் அளவைப் பற்றிப் பேசுவேன். உங்களைப் பார்த்துச் சிரித்தவர்களில் பலர் அங்கே இருப்பார்கள். எனக்கும் ஒரு பெயர் வைப்பார்கள், எங்கள் ஊருக்கு அதற்கு அதிக நேரம் எடுக்காது. வைக்கட்டும். உங்களுக்கு வைத்த பெயரை எடுத்துவிட்டு வைக்கட்டும்.

இதை எழுதும்போதும் நகக்கண் மஞ்சளாகத்தான் இருக்கிறது. நாளைக்குப் போய்விடும், அடுத்த முறை கலக்கும்போது திரும்ப வரும். கரண்டியும் போய்விட்டது. என்னிடம் மிஞ்சி நிற்பது மழையில் நனைந்து என் வாசற்படியில் நீங்கள் நின்ற அந்த நிலைதான். உங்களிடம் மன்னிப்புக் கேட்க நான் வரவில்லை அக்கா. கேட்டால் நீங்கள் உடனே தந்துவிடுவீர்கள், உங்கள் குணம் எனக்குத் தெரியும். எனக்கு அது வேண்டாம். அன்றைக்குப் பரவாயில்லை அக்கா என்று நான் உங்களுக்குக் கொடுத்தேனே ஒரு மன்னிப்பு, அதை மட்டும் எனக்குத் திருப்பித் தந்துவிடுங்கள்.